கைத்தொலைபேசியில் வந்த செய்தி: நம்பலாமா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எமது முன்னோர் சொல்லிவைத்தனர். பேச்சுப் போட்டிகளிலும் பாடசாலைச் சுவர்களிலும் இவ்வாசகத்தை எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். ஆனால் தீர விசாரிப்பது எப்படி என்பதைப் பழமொழி சொல்லவில்லை. ஊரில் ஒருவரைப் பற்றி ஒரு கதை எழுந்தால் விசாரிக்கும் வழி எமக்குத் தெரியும். கதையைக் கொண்டுவந்தவர் யார், அவருக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் வேலித் தகராறு ஏதும் உண்டா, அன்றைக்கு அவர் அந்த இடத்தில் நின்றாரா என்றெல்லாம் பார்ப்போம். கைத்தொலைபேசியில் வரும் கதைக்கு இந்த விசாரணையை நாம் செய்வதில்லை. அது எழுத்தில் வருகிறது, படத்தோடு வருகிறது, பெரும்பாலும் எமக்கு வேண்டிய ஒருவரிடமிருந்து வருகிறது. இம்மூன்றும் சேர்ந்துவிட்டால் விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை.

இதனால் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அம்பாறையில் ஓர் இரவு

அம்பாறை நகரில் தமிழ் பேசும் முஸ்லிம் சகோதரர்கள் நடத்திவந்த ஒரு சாப்பாட்டுக் கடை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அங்கு சாப்பிட வந்த ஒருவரின் இறைச்சிக் கறியில் வெள்ளையாக ஏதோ ஒரு கட்டி தென்பட்டது. வேறு நாளென்றால் சமையற்காரரைத் திட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அந்த நாட்களில் பேஸ்புக்கில் ஒரு கதை உலாவிக்கொண்டிருந்தது. சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காதபடி செய்வதற்காக முஸ்லிம் கடைகளில் உணவோடு மாத்திரை கலக்கிறார்கள் என்பதே அக்கதை. சிங்களத்தில் ‘வந்த பெத்தி’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று. அம்பாறையில் ஒரு மருந்துக் கடைக்காரரிடமிருந்து 23,000 மாத்திரைகளைப் பொலிசார் கைப்பற்றிவிட்டனர் என்றும் அது சொல்லிற்று.

கூட்டம் கடையைச் சூழ்ந்துகொண்டது. காசு வாங்கும் இடத்தில் நின்ற தம்பிக்குச் சிங்களம் அரைகுறை. “மருந்து போட்டாய் அல்லவா?” என்று அவரை அதட்டினார்கள். என்ன கேட்கிறார்கள் என்று முழுதாக விளங்காத நிலையில், உடைந்த சிங்களத்தில் “போட்டோம்” என்ற பொருள் வரும்படி ஏதோ சொன்னார். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். அவர் அடிக்கப்பட்டார், கடை நொறுக்கப்பட்டது, நகரிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அன்றிரவே அக்காணொளி நாடெங்கும் போயிற்று. குற்றவாளியே தன் வாயால் ஒப்புக்கொண்டார் என்ற தலைப்போடு போயிற்று.

சில நாட்களின் பின் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அறிக்கை வந்தது. உணவில் இருந்தது மாக் கட்டி. மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை. கறியிலோ கொத்து ரொட்டியிலோ கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தர மலடாக்கக்கூடிய மாத்திரை என்று ஒன்று உலகில் கிடையாது என்பதை மருத்துவர்களும் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் அதற்குள் கண்டி மாவட்டம் எரியத் தொடங்கிவிட்டது. தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் இறந்தார். அந்தத் துயரமும் கோபமும் அம்பாறைக் காணொளியோடு சேர்ந்துகொண்டன. திகனவில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் கொளுத்தப்பட்டன. எரிந்த வீடொன்றினுள் ஓர் இளைஞர் பிணமாகக் கிடந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் முடக்கிற்று.

இந்தக் காணொளியைச் சற்று நின்று பார்ப்போம். அது போலிப் படமல்ல. அதிலுள்ள மனிதர் உண்மையான மனிதர். அவர் வாயிலிருந்து வந்த சொல்லும் உண்மையாக வந்த சொல்லே. ஆயினும் அது சொல்லிய செய்தி முழுப் பொய். படம் உண்மையா என்று மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாந்துபோவார். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. அப்படியொரு மருந்து இருக்கிறதா? இதை அருகிலுள்ள வைத்தியசாலையில் ஒரு மருத்துவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். அந்த மனிதரிடம் என்ன கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், சுற்றி எத்தனை பேர் நின்றார்கள்? தமிழ் பேசுகின்ற எமக்கு இது விளங்கியிருக்க வேண்டும். பொலிஸ் நிலையத்திலும் கச்சேரியிலும் தெரியாத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்கு ‘ஓம்’ என்று தலையாட்டிவிட்டு வந்தவர்கள் எம்மிடையே எத்தனை பேர்!

23,000 என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். ‘நிறைய மாத்திரைகள்’ என்று சொல்லியிருந்தால் சிலராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். சரியான ஓர் எண்ணைச் சொன்னதும் யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று மனம் நம்பிவிடுகிறது. பொய்யை அவிழ்த்துவிடுவோருக்கு இது நன்றாகத் தெரியும்.

பழைய நோய், புதிய வாகனம்

இணையம் வந்ததால்தான் இந்தக் கேடு வந்தது என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பாணந்துறையில் ஒரு கதை பரவியது. மட்டக்களப்புப் பகுதியில் படிப்பித்துக்கொண்டிருந்த பாணந்துறைச் சிங்கள ஆசிரியை ஒருவரைத் தமிழர்கள் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்கள் என்பது கதை. கல்வி அமைச்சு தேடிப் பார்த்தபோது, பாணந்துறையைச் சேர்ந்த எந்த ஆசிரியையும் மட்டக்களப்புப் பகுதியில் கடமையில் இருக்கவில்லை. பத்திரிகையாளர் டார்சி விட்டாச்சி அக்கலவரம் பற்றி எழுதிய நூலில் இதைப் பதிந்துவைத்திருக்கிறார். அங்கிருந்த இந்துக் கோவிலின் பூசகரை உயிரோடு எரித்த பின்னர் அந்த உண்மையால் யாருக்கு என்ன பயன்?

1983ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி வெள்ளவத்தையிலும் ஹெவ்லொக் டவுனிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. நாலைந்து நாட்களில் வன்முறை சற்றுத் தணிந்தது போல இருந்தது. அப்போது, 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்கு வந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி புறக்கோட்டைப் பக்கமிருந்து கிளம்பியது. அலுவலகங்களை விட்டு மக்கள் விழுந்தடித்து ஓடினார்கள். புலிகள் எவரும் வரவில்லை. ஆனால் அந்த அச்சத்தின் பெயரால் வீதியில் அகப்பட்ட தமிழர்கள் மீண்டும் கொல்லப்பட்டார்கள். அன்றைக்கு ஒருவர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கவில்லை. வாயும் காலும் போதுமாயிருந்தன.

அப்படியானால் மாறியது என்ன? இரண்டு விடயங்கள் மாறியுள்ளன என்பது எமது கருத்து. ஒன்று, கதையைக் கொண்டுவருபவர் மாறிவிட்டார். முன்பு சந்தியில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் சொன்னார். இன்று ரொறன்ரோவிலிருக்கும் தம்பி வெள்ளவத்தையிலிருக்கும் அக்காவுக்கு அனுப்புகிறார். அக்கா அதை மன்னாரிலிருக்கும் மருமகளுக்கு அனுப்புகிறார். மருமகள் மாதர் சங்கக் குழுவில் போடுகிறார். மாதர் சங்கத்தில் இருபது பேர் அதை நம்புவது மருமகளை நம்புவதால்தான். மருமகள் நம்பகமானவர் என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் அதைக் கண்டவரல்லர், கேட்டவருமல்லர், கைமாற்றியவர் மட்டுமே. கைமாற்றியவரின் நல்ல பெயர் செய்திக்கு ஒட்டிக்கொள்கிறது. செய்தியை உண்டாக்கியவரின் பெயர் முதல் கையிலேயே உதிர்ந்துவிடுகிறது.

மற்றது எமக்குச் சாதகமானது. 1983இல் வாயால் வந்த வதந்தியைப் பிடித்துவைத்துப் பரிசோதிக்க வழியில்லை. இன்று வருவது கையிலேயே கிடக்கிறது. படம், திகதி, சொற்கள், குரல் யாவும் கிடக்கின்றன. பொறுமை உள்ளவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

நாம் இதை எழுதும் ஹெவ்லொக் டவுனிலேயே அந்த வேலையை நெடுநாளாகச் செய்துவரும் ஓர் இடம் உண்டு. லேயாட்ஸ் வீதியில் இயங்கும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே இலங்கையின் பேஸ்புக் குழுக்கள் 20ஐ ஆராய்ந்து, வெறுப்புப் பேச்சு எவ்வாறு அங்கே வளர்க்கப்படுகிறது என்று அறிக்கை வெளியிட்டது. அளுத்கமவில் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்த ஆண்டு அது. அதாவது திகனவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. 2018 மார்ச்சில் கூட, முஸ்லிம்களைக் குழந்தைகளும் மிஞ்சாமல் கொல்லச் சொல்லும் சிங்களப் பதிவொன்றைப் பற்றி முறையிட்டபோது, அது தமது விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக் பதில் அனுப்பியது. 2020 மே மாதத்திலேதான் அந்நிறுவனம் அவ்வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. எமது மொழிகளைப் படிக்கத் தெரியாத ஒரு கம்பனி எமக்காகப் பொய்யைச் சலித்துத் தரும் என்று காத்திருக்க முடியாது.

நம்பாததால் வந்த கேடு

இவ்வளவும் படித்த பின், ‘இனி எதையுமே நம்பாமல் விடுவோம், தொல்லை இல்லை’ என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்வோர் கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் முன் சற்று நிற்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலை அங்கும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு 17 நாட்களுக்கு முன்னர், ஏப்ரல் 4ஆம் திகதி, இந்தியப் புலனாய்வுத் துறையிடமிருந்து தகவல் வந்திருந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மாஅதிபர் ஒருவர் ஒப்பமிட்ட கடிதம் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. குழுவின் பெயரும், தலைவனின் பெயரும், கத்தோலிக்க ஆலயங்கள் குறிவைக்கப்படலாம் என்பதும் அதில் இருந்தன. யார் சொன்னது என்பது தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்பதும் தெரிந்திருந்தது. உரியவர்கள் உரியதைச் செய்யவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்தக் கவனக்குறைவுக்காக முன்னாள் ஜனாதிபதிக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் நட்டஈடு விதித்தது. முன்னாள் ஜனாதிபதிக்கு மட்டும் 10 கோடி ரூபா.

குண்டு வெடித்த பின் நிலைமை தலைகீழானது. உண்மையான எச்சரிக்கையை நம்பாத நாடு, வந்த பொய்யையெல்லாம் நம்பத் தொடங்கிற்று. குடிநீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற கதை பரவியது. சமூக ஊடகங்களை அரசாங்கம் அன்றைக்கே முடக்கி, ஏப்ரல் 30ஆம் திகதி வரை முடக்கியே வைத்திருந்தது. கதைகள் நின்றபாடில்லை. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்க முயன்றவர்கள்தாம் அவதிப்பட்டார்கள்.

அதிகாரபூர்வமாக வந்தால் நம்பலாம் என்பதும் முழுப் பாதுகாப்பல்ல. ஏப்ரல் 25ஆம் திகதி பொலிசார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில் ஒன்று, அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் இலங்கை வம்சாவளி மாணவியின் படம். பிழையைப் பொலிசாரே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்துவிட்டன. அடுத்த மாதம் ஒரு சிங்கள நாளிதழின் முன்பக்கத்தில், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 பௌத்த தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்ற செய்தி வந்தது. குருநாகல் வைத்தியசாலை மருத்துவர் ஷாபி கைது செய்யப்பட்டார். அதற்குச் சான்று எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதத்தில் நீதிமன்றத்துக்குச் சொன்னது. அவர் மீண்டும் பணிக்கு வந்தது சில ஆண்டுகள் கழித்தே. நிலுவையாகக் கிடைத்த சம்பளத்தை மருந்து வாங்குவதற்கே கொடுத்துவிட்டார். அம்பாறை மாத்திரையும் குருநாகல் சத்திரசிகிச்சையும் ஒரே கதையின் இரண்டு உடுப்புகள் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஏற்கெனவே பொய்யென்று தெரிந்த கதை உடுப்பு மாற்றிக்கொண்டு வரும்போது அடையாளம் காணப் பழகுவதும் விசாரணையில் ஒரு பகுதிதான்.

பெரிய மனிதர்கள் ஏற்றுக்கொண்டதாலும் ஒன்று உண்மையாகிவிடாது. 2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர், காளி தெய்வம் தமக்கு அருளியது என்று சொல்லி, தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைக் கொரோனாவுக்கு மருந்தாகக் கொடுத்தார். அப்போதைய சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாக அருந்திக் காட்டினார். படம் எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் வந்தது. நோய் பரவும் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கிராமத்தில் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். 2021 ஜனவரியில் அமைச்சருக்கே கொரோனா தொற்றியது. நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்வது எமது நோக்கமல்ல. எமது வீடுகளிலும் கொத்தமல்லி அவிகிறது. ஆனால் குடித்தவர் யார் என்பது ஒரு கேள்வி, குடித்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் வரவில்லை என்று யார் எண்ணிப் பார்த்தார் என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பக்கத்தை விட்டு வெளியே வருதல்

சரி, விசாரிப்பது எப்படி? அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பேர்க், சாரா மக்ரூ என்ற இருவர் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வரலாற்றறிஞர்கள் 10 பேர், பத்திரிகைகளில் உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையத்தளங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். இரண்டு தளங்கள் குழந்தை மருத்துவர் சங்கங்களுடையவை. ஒன்று 1930இல் தொடங்கப்பட்ட பெருஞ்சங்கம். மற்றது 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்று போலவே இருந்தன. படித்த பேராசிரியர்களில் பலரும், கெட்டிக்கார மாணவர்களில் பெரும்பாலோரும் தடுமாறினார்கள். ஏனென்றால் அவர்கள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அழகான சின்னம், ஒழுங்கான எழுத்து, அடிக்குறிப்புகள் எல்லாம் அங்கே இருந்தன. சரிபார்ப்பவர்கள் அப்படிச் செய்யவில்லை. சில வினாடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, ‘இவர்கள் யார்?’ என்று வேறு இடங்களில் தேடினார்கள். விடை உடனே கிடைத்தது.

எமது பழக்கத்துக்கு இது சற்று முரணானது. ஆழ்ந்து வாசிக்க வேண்டும் என்றே ஆசிரியர்கள் எமக்குச் சொல்லித் தந்தார்கள். நல்ல புத்தகத்துக்கு அது பொருந்தும். எவர் எழுதினார் என்று தெரியாத ஒன்றை ஆழ்ந்து வாசிப்பது, எவர் என்று தெரியாத மனிதரிடம் அவர் நல்லவரா என்று அவரையே கேட்பது போன்றது.

கிராமத்தில் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். ‘வர்த்தமானி வந்துவிட்டது’ என்று ஒரு செய்தி வருகிறது. காணி சுவீகரிக்கிறார்களாம், உரமானியம் நிறுத்தமாம், ஏதோ ஒன்று. அரச இலச்சினையும் ஒப்பமும் உள்ள கடிதத்தின் படமும் கூடவே வருகிறது. இலச்சினையை யாரும் எடுத்து ஒட்டலாம். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகள் திகதி வாரியாகக் கிடக்கின்றன, இலவசமாகப் பார்க்கலாம். தமிழ்ப் பிரதி சிலவேளை சுணங்கி வரும் என்பது எமது நிரந்தரக் குறை. ஓர் அமைச்சின் பெயரால் வரும் தளமானால் அதன் முகவரியின் கடைசியைப் பாருங்கள். ஜிஓவி டொட் எல்கே என்று முடியும் முகவரி அரச நிறுவனங்களுக்கே கொடுக்கப்படுகிறது. ஆனால் அந்த எழுத்துகள் கடைசியில் நிற்க வேண்டும். நடுவில் எங்கோ நுழைத்துவைத்து ஏமாற்றுவாரும் உண்டு.

இணையத்துக்குள்ளேயே விடை தேட வேண்டும் என்றும் இல்லை. வெள்ளம், சூறாவளி, சுனாமி என்று வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பயிர் நோயும் உரமும் பற்றியதாயின் விவசாயத் திணைக்களத்தின் 1920, எந்த அலுவலகம் என்றே தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919. கிராம உத்தியோகத்தரிடம் நேரில் கேட்பது இவற்றிலும் எளிது. அவருக்குத் தெரியாது என்றால் அதுவே ஒரு தகவல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று முறைப்பாடு எழுந்தது. அரசு தமிழில் பேசாத நேரத்தில் வதந்தி தமிழில் பேசும். இதைத் தட்டிக் கேட்பதும் எமது சங்கங்களின் வேலைதான்.

அவசரமில்லாத விடயமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் குளத்தைத் திருத்த ஒதுக்கிய பணத்தை யாரோ விழுங்கிவிட்டார் என்று பேஸ்புக்கில் எழுதப்பட்டிருந்தால், அதைப் பகிர்வதற்குப் பதிலாகப் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பெற்ற ஒரு தாள் ஆயிரம் பகிர்வுகளை விடப் பயனுள்ளது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், எது பொய் என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். எமக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மக்கள் கையில் தாளைக் கொடுக்கும் சட்டமே மேல்.

வட்ஸ்அப்பில் வருவதற்கு வேறு சில அடையாளங்கள் உண்டு. செய்தியின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால், அனுப்பியவர் அதை எழுதவில்லை, வேறிடத்திலிருந்து வந்ததை அனுப்பினார் என்று பொருள். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது. அத்தகையதை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. இரட்டை அம்புக்குறியோடு வந்து, ‘என் நண்பர் ஒருவர் வைத்தியசாலையில் வேலை செய்கிறார், அவர் சொன்னார்’ என்று தொடங்கும் செய்தியில், அந்த நண்பர் யாருடைய நண்பர்?

படமானால், கூகிளின் படத் தேடலில் அதைக் கொடுத்தால் இதற்கு முன் எங்கெல்லாம் வந்தது என்று காட்டும். நேற்றைய வெள்ளம் என்று வந்த படம் ஐந்து வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில் எடுத்ததாக இருப்பது மிகச் சாதாரணம். படத்தில் கடைப் பெயர்ப்பலகை எந்த மொழியில் இருக்கிறது, வாகனத்தின் இலக்கத்தகடு எங்கள் நாட்டுடையதா என்று கண்ணால் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு இல்லாத படத்தையும் இல்லாத குரலையும் உண்டாக்கலாம். விரல்களை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு காலம் சொன்னார்கள். அந்தக் குறைகளைச் செய்கிறவர்கள் திருத்திக்கொண்டே வருகிறார்கள். ஆகவே படத்தை உற்றுப் பார்ப்பதை விட, இதை முதலில் வெளியிட்டவர் யார், நம்பத்தக்க வேறு யாராவது தனியாக விசாரித்து இதையே சொல்கிறார்களா என்று பார்ப்பதே நிலையான வழி. ஒரே செய்தியைப் பத்துத் தளங்கள் சொல்லுக்குச் சொல் போட்டிருந்தால் அது பத்துச் சாட்சிகளல்ல, ஒரே சாட்சிதான்.

வேலை விளம்பரங்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணனி வேலை, தாய்லாந்து, இலட்சக்கணக்கில் சம்பளம், விமானச் சீட்டு இலவசம் என்று வந்த செய்திகளை நம்பிப் போன எமது நாட்டு இளைஞர்கள் பலர், மியன்மார் எல்லையிலுள்ள முகாம்களில் அடைக்கப்பட்டு, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலை செய்யும்படி அடித்து வதைக்கப்பட்டார்கள். 2024இல் ஒரு பகுதியினர் மீட்கப்பட்டார்கள். பொய்ச் செய்தியை நம்பியவர்களைக் கொண்டே அடுத்த பொய்ச் செய்தியை எழுதுவித்திருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை என்றால் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அந்த முகவர் நிலையத்துக்கு அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் அங்கீகாரமும் இருக்க வேண்டும். இரண்டையும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பது விசாரணையாகாது. அதை எடுப்பவர் விளம்பரம் போட்டவரே. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

கடைசியாக, தவறான செய்தியை அனுப்பியவர் எமது மாமியாகவோ சங்கத் தலைவராகவோ இருந்தால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். எல்லோரும் பார்க்கும் குழுவில் ‘இது பொய்’ என்று எழுதினால் அவர் வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தினாலேயே பொய்யை விடாமல் பிடித்துக்கொள்வார். தனியாக அழைத்து, “மாமி, இது உங்களுக்கு ஆர் அனுப்பினது? அவைக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அவரே அனுப்பியவரிடம் கேட்பார். அனுப்பியவர் தனக்கு அனுப்பியவரிடம் கேட்பார். மூன்றாம் ஆளோடு சங்கிலி அறுந்துவிடும். அதன் பின் குழுவில் அதை நீக்குவது மாமியின் கையாலேயே நடக்கட்டும்.